கண்ணாடிப் பெட்டியில் நிற்காத நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் அருங்காட்சியகத் தலைவர் அவர்களே, விருதுக் குழுவின் பெரியோர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும், சக்கர மாமாவின் மனைவியான எங்கள் அத்தையே, இடம் போதாமல் மாடிப்படி வரைக்கும் நிற்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் இந்த அருங்காட்சியகத்தின் பதிவாளர். வருகிற பொருளுக்கு எண் போடுவது, அட்டை எழுதுவது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது, இதுதான் என் தொழில். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. சக்கர மாமா இருந்திருந்தால், "பதிவாளரம்மா பேசுறாங்களா? அப்போ மூணு நகல் எடுத்து வெச்சுட்டுத்தான் பேசுவாங்க" என்று கேலி செய்திருப்பார். அவர் மறைந்து, அந்தக் கேலி நின்று, இன்றோடு பதினாறு நாளாகிறது.

சக்கர மாமா யார்? லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்தின் லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒருமுறை அடுக்குமாடி ஒன்றில் மூன்று வாரமாக நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, நான்காவது மாடியில் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். உள்ளே கட்டிலில் கிடந்த ஓய்வுபெற்ற தபால்காரம்மா கேட்டாராம், "லிஃப்ட் ஓடுது, சரி. லிஃப்ட் வரைக்கும் நான் எப்படி வர்றது?"

மாமா உடனே அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, பழைய தள்ளுவண்டியிலிருந்து கழற்றிய நாலு சக்கரத்தைப் பொருத்தினார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த அம்மா தெருவைப் பார்த்தார். அதன்பின் மாமா ஓயவே இல்லை. உடைந்த சக்கர நாற்காலி எங்கே கிடந்தாலும் எடுத்துவந்து, சீர்செய்து, கேட்ட வீட்டுக்கெல்லாம் கொடுத்தார். எத்தனை பேர் அவரால் வாசல் தாண்டினார்கள்! இந்த அரங்கிலேயே பாதிப் பேர் கை தூக்குவீர்கள்.

மனிதநேயத் தொண்டுக்காக நம் அருங்காட்சியகம் ஆண்டுதோறும் ஊரார் ஒருவருக்கு விருது கொடுக்கிறது. விருது பெறுபவர் தன் தொண்டில் பயன்பட்ட ஒரு பொருளை நமக்குத் தர வேண்டும். அது முன்கூடத்தின் முதல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். மாமா இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை அத்தை அதட்டியதால் ஒத்துக்கொண்டார். தபால்காரம்மா வீட்டார் திருப்பித் தந்திருந்த அந்த முதல் நாற்காலியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் விருது வாங்கினார்கள், அவர்கள் பொருள்கள் அடுத்த பெட்டிகளுக்குப் போயின. அந்த முதல் பெட்டி மட்டும் மாமாவுடையதாகவே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

நாற்காலி வந்த பதினோராம் நாள் மாமா என் மேசைக்கு முன்னால் வந்து தலையைச் சொறிந்தார்.

"அம்மா, அந்த நாற்காலி வேணும். தையல்காரம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. அவங்க வீட்டு வாசல் இருபத்துமூணு அங்குலம். மத்த வண்டி எல்லாம் இருபத்தஞ்சு. இது ஒண்ணுதான் நுழையும்."

"பதிவான பொருள் வெளியே போகாது மாமா, விதி இருக்கு" என்றேன் நான். நான்கு நாள் அப்படியே சொன்னேன். அந்த நான்கு நாளும் தையல்காரம்மா உள்ளறையை விட்டு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஐந்தாம் நாள் இறங்கி வந்தேன். படிவத்தில் 'பழுதுபார்க்க' என்று எழுதப் போனேன். "பொய் எதுக்கும்மா?" என்று பேனாவை வாங்கி, காலிப் பெட்டியில் வைக்க அவரே ஓர் அட்டை எழுதினார்.

'வெளியே போயிருக்கிறது. வேலை முடிந்ததும் வரும்.'

ஒன்பது ஆண்டுகளில் முப்பத்தொரு முறை அந்த நாற்காலி வெளியே போனது. முப்பத்தொரு முறையும் திரும்பி வந்தது. கடைசி முறை படிவத்தில் கடன் வாங்குபவர் என்ற இடத்தில் மாமா பெயரே இருந்தது; இந்த முறை அது அவருக்கே தேவைப்பட்டது. திரும்பக் கொண்டுவந்து விட்டது அவர் அல்ல, அத்தை. "வீட்டுல இருந்தா பார்த்துக்கிட்டே இருப்பேன். எடுத்துக்கம்மா" என்றார்.

நேற்று விருதுக் குழு கூடி, இனி நாற்காலியை நிரந்தரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடுவது என்று முடிவு செய்தது. அன்பால் எடுத்த முடிவு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. அவர் பிடித்துப் பிடித்துச் சாயம் போன அந்தக் கைப்பிடியைத் தினமும் பார்க்கலாம் அல்லவா? அவர் இல்லாத கூடத்தில் அதுவாவது இருக்கட்டுமே என்று ஏங்கினேன்.

இன்று காலை ஒரு பேருந்து நடத்துனர் வந்தார். "எங்கம்மா வாசலைப் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எங்க கதவு ரொம்பக் குறுகல். அந்த நாற்காலி கிடைக்குமா?" என்றார். கூட்டத்துக்கு முன்னதாகவே வந்திருந்த அத்தைதான் எழுந்து வந்தார். "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிறேன்" என்று கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "கொடுத்துடும்மா" என்றார்.

கொடுத்துவிட்டேன், தலைவர் அவர்களே. விளக்கம் கேட்பதென்றால் நாளை அலுவலகத்தில் கேளுங்கள், மூன்று நகல் தருகிறேன். ஆனால் அந்தப் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கும்வரை அது மூடப்படாது. எனக்குப் பின் வருபவரிடமும் இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன். இது இந்த அவையின் முன் நான் தரும் வாக்கு.

உள்ளே வரும்போது முதல் பெட்டி காலியாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருக்கும் அட்டை மாமாவின் கையெழுத்து. திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, எண்ணெய்க் குப்பியோடு பக்கவாசல் வழியாக லிஃப்டைப் பார்க்க வருவார். இந்தத் திங்கட்கிழமையும் பத்து மணிக்கு நான் அந்த வாசலைப் பார்த்தேன்.

நாற்காலி வந்துவிடும், மாமா. வேலை முடிந்ததும் வரும் என்று எழுதிவைத்தது நீங்கள்தானே. அடுத்த திங்கட்கிழமையும் நான் வாசலைப் பார்ப்பேன்.