பொட்டு வைக்காத பெட்டி

புள்ளிவிவரம் போதும், பின்வரிசையில கொட்டாவி ஆரம்பிச்சாச்சு. ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. இதுல முட்டாள் யாருன்னு கடைசி வரைக்கும் தேட வேண்டாம். இப்பவே சொல்லிடறேன்... நான்தான்.

பத்து வருஷம் முன்னாடி ஒரு பால் பண்ணையில கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் தலைவன். ஊர் பேர் வேண்டாம், அங்கே என்னை இன்னும் மறக்கலை. சர்வர் அறை மாடிப்படிக்குக் கீழே. மழை பெஞ்சா சர்வருக்குக் குடை பிடிக்கணும். அதனால நிர்வாகம் முடிவு பண்ணுச்சு, எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம்னு. அதாவது நம்ம பெட்டியில இருக்கற தகவலை எடுத்து, வெளியூர்ல ஒரு பெரிய டேட்டா சென்டர்ல வைக்கறது. வீடு மாத்தற மாதிரிதான்.

எம்.டி. கூப்பிட்டார். "இதுல அனுபவம் உள்ளவர் ஒருத்தர் வர்றார். குமரகுருபரன். உங்க காலேஜாமே?"

என் காலேஜ்தான். என் பெஞ்சுதான். கடைசி வருஷம் என்னைவிட அதிகமா வாங்கி மெடலைத் தட்டிட்டுப் போனவன். எத்தனை மார்க் அதிகம்? ரெண்டு. எத்தனை வருஷம் ஆச்சு? அப்பவே இருபது. மறந்தேனா? ... உங்க முகத்தைப் பார்த்தா நீங்களும் மறக்கற ஆளாத் தெரியலை.

வந்தான். டீ குடிச்சான். "மூணு வாரம் குடுடா. எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோட பேசுதுன்னு ஒவ்வொரு அறையா போய்ப் பார்க்கணும். மாத்தின பிறகும் பழைய சர்வரை ஒரு மாசம் கூடவே ஓட விடணும்."

"பேசறதுக்கு அதென்ன மாமியார் மருமகளா? இங்கே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ கிளம்பு."

எப்படித் தெரியும்? கேளுங்க... ஆயுத பூஜை. எங்க பண்ணையில ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. ஸ்டோர்ல எண்ணித்தான் பூ வாங்குவாங்க. நாற்பத்தொரு முழம். அப்ப எத்தனை கம்ப்யூட்டர்? நாற்பத்தொண்ணு. எம்.டெக். படிச்ச நான், பொட்டை எண்ணிப் பட்டியல் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை மாத்தியாச்சு. நாற்பத்தொண்ணும் ஜம்முனு ஓடுது. பழைய சர்வரை என் கையாலேயே அணைச்சேன். குமரகுருபரனுக்கு ஒரு போட்டோ அனுப்பலாமான்னுகூட யோசிச்சேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. கிராமங்கள்லேர்ந்து கேன் வண்டிங்க வந்து நிக்குது, பதினோரு வண்டி. பாலைச் சோதிச்சு 'நல்ல பால்'னு லேப் சொல்லணும், உடனே கேட்ல சீட்டு அச்சாகணும், அப்புறம்தான் கேனை இறக்கலாம். கையால எழுதிக் கொடுக்க விதி இல்லை. சீட்டு வரலை. ஏழு மணி... வரலை. எட்டு மணி... வெயில் ஏறுது. நான் கேட்ல இருக்கற பிரிண்டரைத் தட்டறேன், திருப்பறேன், ஊதறேன்.

வாட்ச்மேன் மெதுவா சொன்னார், "லேப்ல போய்க் கேளுங்க சார்."

"லேப்லயா? அங்கே கம்ப்யூட்டரே கிடையாதே."

இருந்துச்சு. நாற்பத்திரெண்டாவது. பால் சோதிக்கற அறையில பூவும் குங்குமமும் நுழையக்கூடாது. அதனால அதுக்குப் பொட்டு இல்லை. பொட்டு இல்லாததால என் பட்டியல்ல இல்லை. அது இன்னும் நான் அணைச்ச பழைய சர்வரையே தேடிட்டு இருந்துச்சு.

ஒரே கட்டடம். உனக்கு எப்படித் தெரியாம போச்சுன்னு கேட்கறீங்களா? லேப் அதிகாரி ஜெபக்கனி அம்மாவோட எனக்கு நாலு வருஷமா பேச்சு இல்லை. ஒரு மீட்டிங்ல சொன்னாங்க, "உங்க கம்ப்யூட்டர் திறக்கறதுக்குள்ள என் பால் தயிராயிடும்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து அந்தப் பக்கமே நான் போறதில்லை. அந்தப் பெட்டி வந்தது அதுக்கப்புறம்தான், பால் சோதிக்கற மெஷினைக் கொண்டு வந்தவங்களே மாட்டிட்டுப் போயிட்டாங்க.

போனேன். நிமிர்ந்து பார்த்தாங்க. "வாங்க. நாலு வருஷம் ஆச்சு. சர்வர் கிடைக்கலைன்னு இது ஆறு மணியிலேர்ந்து சொல்லுது. உங்களுக்கு அஞ்சு தடவை போன் அடிச்சேன். நீங்கதான் என் போனை எடுக்கறதில்லையே."

வராந்தாவுக்கு வந்து போனைப் போட்டேன். யாருக்குன்னு நினைக்கறீங்க?

"குமரகுரு..."

"லேப்பா?"

"உனக்கெப்படிடா தெரியும்?"

"டீ குடிக்க வந்தன்னிக்கே கண்ணாடி வழியா அங்கே ஒரு பெட்டியைப் பார்த்தேன்டா. சொல்றதுக்குள்ள கிளம்புன்னுட்ட. பழைய சர்வரை அழிச்சிட்டியா?"

"இல்லை. அணைச்சதோட சரி."

"பொழைச்ச. அதைப் போடு. லேப்பையும் கேட்டையும் இன்னிக்கு அதுலயே ஓட்டு. முதல்ல பாலைப் பாரு, மத்ததை நான் வந்து பார்க்கறேன்."

ஒன்பதே முக்காலுக்குச் சீட்டு வந்துச்சு. ஏழு வண்டிப் பால் தப்பிச்சுது. நாலு வண்டிப் பால் திரிஞ்சு போச்சு. அதுல ஒரு வண்டியோட வந்தவங்க முத்துப்பேச்சி, கிராமத்துச் சங்கத்துச் செயலாளர். கேனைச் சாக்கடையில கவுத்துட்டு என்கிட்ட வந்தாங்க. சத்தமே போடலை.

"கம்ப்யூட்டரையெல்லாம் மேகத்துல ஏத்திட்டீங்களாமே சார். எங்க பாலைத்தான் கீழ இறக்க முடியலை. இது முப்பது வீட்டுப் பாலு. ஊருக்குப் போய் நான் என்னத்தச் சொல்லட்டும்?"

பொட்டை எண்ணினேம்மான்னு சொல்லவா?

இப்ப உங்ககிட்ட கேட்கறேன். மில் வச்சிருக்கீங்க, ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்க, பள்ளிக்கூடம் நடத்தறீங்க. நாளைக்கு நீங்களும் கிளவுடுக்கு மாறுவீங்க. 'என் ஆபீஸைப் பத்தி வெளியாளுக்கு என்ன தெரியும்'னு தோணும். உண்மைதான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் எல்லாரையும் கேட்பான். எங்கெங்கே இடறும்னு நாலு இடத்துல பார்த்துட்டு வந்திருக்கறதால, எதைக் கேட்கணும்னு அவனுக்குத் தெரியும். அதைவிட முக்கியம்... உங்க கட்டடத்துல அவனுக்குப் பேச்சு வார்த்தை இல்லாத ஆள் கிடையாது. உங்களுக்கு உண்டு. எந்தக் கதவைத் தாண்டி நீங்க போறதில்லையோ, அந்த அறையிலதான் உங்க நாற்பத்திரெண்டாவது பெட்டி இருக்கு.

குமரகுருபரனை எனக்கு இன்னிக்கும் பிடிக்காது. அந்த மெடல் எனக்கு வந்திருக்க வேண்டியது. ஆனா நிபுணரை நமக்குப் பிடிக்கணும்னு யார் சொன்னா? கூப்பிட்டாப் போதும்... பால் திரியறதுக்கு முன்னாடி.