நாளைக் காலை அவன் பக்கத்தில் யார்?

மேடையில் வீற்றிருக்கும் சிறைக் கண்காணிப்பாளர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் டீச்சரம்மாவின் தங்கையே! சுவரோரம் நிற்கும் காவலர்களே! பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் என் பட்டறைப் பிள்ளைகளே! இங்கே தச்சுவேலை சொல்லிக்கொடுக்கும் இந்த மேஸ்திரியின் வணக்கம்.

அழுவதற்கு எனக்கு நேரமில்லை. நாளைக் காலை ஒரு வேலை இருக்கிறது. அதற்கு வழி பண்ணிவிட்டுத்தான் இறங்குவேன்.

நம் டீச்சரம்மா யாருக்குப் பாடம் எடுத்தார்? எழுத்து பிடிபடாதவர்களுக்கு. ஒரே மூச்சில் மூன்று கட்டளை போட்டால் முதலாவதிலேயே நின்றுவிடுகிறவர்களுக்கு. நாம் திமிர் என்றோம். திமிர் இல்லை, கற்றல் குறைபாடு என்று இந்த வளாகத்தில் முதலில் சொன்னவர் யார்? அவரேதான்!

வந்த புதிதில் வகுப்பு மேசையைக் குறுக்கே அறுத்துச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னார். “எதிர்ல உட்கார்ந்தா விசாரணைன்னு பயப்படுறாங்க மேஸ்திரி. நான் பக்கத்துல உட்காரணும்.” அறுத்தேன். அரசாங்க மேசையை அறுத்ததற்கு மெமோ எனக்கு வந்தது. அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார்!

அவர் வகுப்பில் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்கக் கூடாது. ஏன் என்றேன். “அப்படிக் கேட்டா புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. அடி வாங்கிக் கத்துக்கிட்ட பதில் அது. திருப்பிச் சொல்லச் சொல்லுங்க” என்றார்.

பின்வரிசையில் தூணோரம் ஒருவன் இருக்கிறான். எதைக் கேட்டாலும் ‘சரிங்க’ என்பதால் அவன் பெயரே ‘சரிங்க’ ஆகிவிட்டது. போன வருடம், தண்டனை முடியும் முன்பே விடலாமா என்று பார்க்கும் விடுதலைக் குழு அவனிடம் கேட்டது: “வெளிய போனா மறுபடியும் சண்டை போடுவியா?” “சரிங்க” என்றான். தீர்ந்தது கதை! அறையில் சிலர் சிரித்தார்களாம். டீச்சரம்மா சிரிக்கவில்லை. அன்று முதல் அவர் அவனுக்கு ஒரே ஒரு பதிலைப் பழக்கினார்: “எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க.” அவர் பக்கத்தில் இருந்தால் சொல்வான். வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

நாளைக் காலை மறுபடியும் குழு கூடுகிறது. டீச்சரம்மா இல்லை.

நேற்று ஒருவர் அவனிடம் போய், “டீச்சர் இனிமே வர மாட்டாங்க, புரிஞ்சுதா?” என்றார். “சரிங்க” என்றான். இன்று காலை டீச்சரம்மாவின் நாற்காலியைத் துடைத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்! நாளையும் அப்படித்தான் காத்திருப்பான். கேட்பதற்கெல்லாம் ‘சரிங்க’ என்பான். இன்னொரு வருடம் போகும். அதற்கா அந்த அம்மா உயிரைக் கொடுத்து உழைத்தார்?

கண்காணிப்பாளர் அவர்களே, நாளை அவன் பக்கத்தில் உட்கார எனக்கு அனுமதி வேண்டும். தலையசைக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, தலையசைப்பு போதாது. டீச்சரம்மா வழக்கப்படி, நான் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்.

நன்றி ஐயா. எல்லோர் காதிலும் விழுந்தது.

இனி மிச்சம் ஒன்றுதான். அவனுக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தங்கையே, உங்கள் அக்காவைப் பற்றி நான் உடைத்துப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றிவளைத்தால் அவனுக்குப் போய்ச் சேராது.

தம்பி, எழுந்திரு. என்னைப் பாரு. டீச்சர் செத்துப்போயிட்டாங்க. திருப்பிச் சொல்லு.

அவசரமில்ல. நான் நிக்கிறேன்.

என்ன? சத்தமா சொல்லு, மேடைக்குக் கேட்கட்டும்.

அவையோரே, கேட்டீர்களா? “எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்கிறான்! டீச்சரம்மா பக்கத்தில் இல்லாமலே சொல்கிறான்! இதைவிட நல்ல ஒரு இரங்கல் உரையை நான் எங்கே போய் எழுதுவேன்?

சொல்றேன் தம்பி. எத்தனை தடவை கேட்டாலும் சொல்றேன். டீச்சர் செத்துப்போயிட்டாங்க.

நாளைக்கு உன் பக்கத்துல நான் உட்காருவேன்.