வாட்ச்மேன் உள்ளே விட்டான்

"இன்னிக்கு வாட்ச்மேன் என்னை உள்ள விட்டுட்டான்" என்று ஒருவர் அழாத குறையாகத் தமிழில் சொன்னதைக் கேட்டுத்தான் திரும்பினேன். புனே பக்கம் தாபோடி ஸ்டேஷனில் சாயங்கால லோக்கலுக்கு நின்ற கூட்டம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில், அவரைக் கூட்டிப்போக வந்திருந்த மனைவி.

"நல்லதுதானேங்க? உங்கப்பா காரியத்துக்கு ஊருக்குப் போய்ப் பதினாறு முடிச்சிட்டு வந்த உங்களை, சொல்லாம ஓடிட்டான்னு கம்பெனி வேலையை விட்டுத் தூக்கினாங்க. லீவு கேட்டுத் தந்தி அடிச்சது செல்லாதுன்னாங்க. எட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சுல்ல, திரும்ப வேலைக்கு எடுக்கணும்னு ஜெயிச்சோம்?"

"உள்ள ஒரு மெஷின்கூட இல்ல. எல்லாத்தையும் வேற ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்களாம். என் லேத் நின்ன இடத்துல நாலு போல்ட் ஓட்டைதான் இருக்கு."

"ஆளுங்க?"

"ஒருத்தருமில்ல. வாட்ச்மேன்தான் பாவம், 'பைட்டியே காகா', உக்காருங்கன்னு ஒரு ஸ்டூலைப் போட்டான். ஷிஃப்ட் முடியற வரைக்கும் அந்த ஓட்டையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ரயில் வந்துவிட்டது. அவர் ஏறுவதற்காக அந்த அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கையில் வாங்கினார். கனமாக இருக்கவே குலுக்கிப் பார்த்தார்.

"கட்டிக் கொடுத்தது அப்படியே இருக்கே. சாப்பிடலையா?"

"மத்தியானம் சாப்பாட்டு சைரன் அடிக்கவே இல்லையே."