மிச்சம் கிடக்கிற அடி

கிளிநொச்சியிலிருந்து உருத்திரபுரம் போகிற பஸ்ஸில், எனக்கு முன்னால் மண்வெட்டியோடு இருந்தவர் பக்கத்தில் குடையோடு இருந்தவரிடம் சொன்னார்:

"என்ரை மோனுக்குப் பள்ளிக்கூடத்திலை ஒரு அடி மிச்சம் கிடக்கு, அண்ணை."

"அதென்ன மிச்சம்?"

"தண்ணிப் பானையை உடைச்சானெண்டு பெரிய வாத்தியார் அடிச்சுப்போட்டார். பிறகுதான் விசாரிச்சவர். உடைச்சது மாடு."

"அநியாயமெல்லே!"

"ஓம். போய்க் கேட்டனான். நீதியான மனுசன். 'அடிச்சதைத் திருப்பி எடுக்கேலாது, அடுத்த குழப்படிக்கு அடிக்கமாட்டன்' எண்டவர். இப்ப வகுப்பிலை எல்லாரும் அந்த அடியைத் தங்களுக்குத் தரச்சொல்லிக் கேக்கிறாங்கள். ஒருத்தன் விளாம்பழம் தாறானாம். நாங்கள் வயலுக்குத் தண்ணி முறை மாத்திக் குடுக்கிறமெல்லே, அதுமாதிரி."

"வாத்தியார் விடுவாரே?"

"அவருக்கும் விளங்கேல்லை. வாய்க்கால் தண்ணி பங்கிடுற விதானையாரைக் கூப்பிட்டுக் கேட்டவர். விதானையார் நல்லா யோசிச்சுப்போட்டு, 'வாங்கிலை பக்கத்திலை இருக்கிறவனுக்குக் குடுக்கலாம். ஆனா போகம் முடிஞ்சால் முறையும் முடிஞ்சமாதிரி, பள்ளிக்கூடத் தவணை முடிஞ்சால் அடியும் முடிஞ்சுது' எண்டிட்டார்."

குடைக்காரர் திடுக்கிட்டார். "தவணை வெள்ளிக்கிழமையோடை முடியுதே!"

"அதுதானே அண்ணை! வாங்கின அடி வீணாப் போகப்போகுது. ஒருத்தருக்கும் குடுக்கவும் மாட்டானாம். 'நீயாவது ஏதாவது குழப்படி செய்யடா' எண்டு கெஞ்சிப் பாத்திட்டன். குனிஞ்ச தலை நிமிராமல் படிக்கிறான். இண்டைக்கும் சொல்வழி கேக்காட்டில், நானே ரெண்டு போடப்போறன்."