ஒரு பொட்டு வோல்டேஜ்

சாரல் விழும் மாதங்களில் தென்காசியில் துணி காயாது. அதைத் தவிர எனக்கு இந்த ஊர் மேல் ஒரு குறையும் கிடையாது. வாசுதேவநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே இது என் ஊராகிவிட்டது. காரணம் என் வீட்டுக்காரர் நெல்லையப்பன்தான். பெயின்ட் கடையைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வருவார். நான் மாற்றுத்துணிப் பையோடு தயாராக நிற்பேன். ஒரு நாள் ஐந்தருவி, ஒரு நாள் பழைய குற்றாலம். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்போம். புதுப் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது.

அதைப் பூட்டிக் கொடுத்தவர் சேக் மைதீன் அண்ணன். இவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. கடையநல்லூரில் சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். கேம் விளையாடுவதற்கென்றே பாகங்களைத் தனித்தனியாக வரவழைத்து, எங்கள் வீட்டு முன்னறையில் பாயை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்து பூட்டினார்கள். நான் டார்ச் பிடித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் விசிறிகள் நீலமும் சிவப்புமாகச் சுற்றத் தொடங்கியதும் மூன்று பேரும் கைதட்டினோம். ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். சந்தோஷமான நாள், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலங்கள் அவர்கள் இருவருக்கும் என்று ஆயின. அண்ணன் அங்கே கடையில், இவர் இங்கே முன்னறையில், காதில் ஹெட்போன். "இடப்பக்கம் வாரான் லே, சுடு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். பையோடு நின்ற என்னிடம், "இன்னைக்கு ஒரு நாள் பொறு செல்வி, சேக்கு காத்துக்கிட்டிருக்கான்" என்றார். பொறுத்தேன். முத்துசெல்வி பொறுமைசாலி என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே ஒரு கீயைத் தட்டினால் பயாஸ் என்று ஒரு பக்கம் திறக்கும். பிராசஸருக்கு எவ்வளவு வோல்டேஜ் போக வேண்டும் என்பதை அங்கேதான் வைப்பார்கள். இவர் கடைக்குப் போன பிறகு அதை ஒரு பொட்டுக் குறைத்தேன். எதையும் உடைக்கவில்லை, கருக்கவில்லை. பாட்டுக் கேட்டாலும் படம் பார்த்தாலும் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. கேம் ஆரம்பித்து, அது மூச்சைப் பிடித்து ஓட வேண்டி வரும்போதுதான் தெம்பு போதாமல் அணைந்து, மறுபடி தானாக எழுந்திருக்கும்.

முதல்முறை அணைந்தபோது இவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்ன செல்வி, இப்படிப் பண்ணுது?"

"சூடாயிருக்கும். ஆறட்டும். வாங்க, அருவிக்குப் போய்ட்டு வருவோம்."

போனோம். தண்ணீர் நன்றாக விழுந்தது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பார்த்தார். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தன் கடையில் விற்பதற்கு வைத்திருந்த புது பவர் சப்ளையைக் கொண்டுவந்து போட்டார். விண்டோஸை அழித்துத் திரும்ப ஏற்றினார். வீட்டு எர்த் சரியில்லையோ என்று ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் டார்ச் பிடித்தவள் நான்தான். வேலை முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. ஒருமுறை அண்ணன் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினார். அதில் நான் செய்தது அழிந்துபோயிற்று. மெஷின் நிற்காமல் ஓடியது. "ஜெயிச்சிட்டோம் மாப்ள" என்று அண்ணன் இவர் தோளில் கைபோட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் நான் திரும்பச் செய்துவிட்டேன்.

நாளாக ஆக இவருக்கு எரிச்சல் வந்தது. நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "பழைய பொருளைப் புதுசுன்னு யாரும் அண்ணன் தலையில கெட்டியிருப்பாங்களோ? அண்ணன் அப்படிப்பட்டவங்க இல்ல. ஆனாலும்..." ஆனாலும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை இவரே நினைத்துக்கொண்டார். நினைத்ததைக் கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் எழுதினார். கடையநல்லூர் பெரிய ஊர்தான், ஆனால் இந்த மாதிரிப் பேச்சுக்குச் சின்ன ஊர். அண்ணனிடம் வாங்கிய மெஷின்களை ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்போது அவர் மனைவி செய்யதலி பாத்திமா மாசமாக இருந்தாள்.

கடைசியாக ஒரு நாள் அண்ணன் சொல்லாமல் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே மெஷினை ஆன் செய்து பயாஸைத் திறந்தார். வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"மாப்ள, இதை நான் தொடலியே. யாரு குறைச்சது?"

"நீதானல பூட்டுன? இந்த வீட்டுல வேற யாருக்கு அதெல்லாம் தெரியும்?" என்றார் இவர்.

நான் படித்தது இவருக்கு ஞாபகமே இல்லை. அண்ணனுக்கு இருந்தது. காப்பி டம்ளரோடு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் இவரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"நான்தான் மாத்தியிருப்பேன் மாப்ள. மறந்திருப்பேன். மன்னிச்சுக்கோ."

சரிசெய்துவிட்டுப் போனார். காப்பி அப்படியே இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லாரு தங்கச்சி" என்றார். பெரியவர்கள் வாயால் வந்த வார்த்தை, ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டேன். என் மேல் தப்பு இருந்திருந்தால் அவர் அப்போதே சொல்லியிருப்பார் அல்லவா?

கடையை மூடிவிட்டு அண்ணன் ஷார்ஜாவுக்குப் போனார். போன பிறகு பெண் குழந்தை பிறந்தது. அது தவழத் தொடங்கிய சமயம் நான் பட்டுப் பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "போன்ல வாப்பா மூஞ்சி தெரிஞ்சா கிட்டப் போய் நக்குது அக்கா" என்று பாத்திமா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். கெட்டிக்காரக் குழந்தை. அண்ணனுக்கும் அங்கே ஏசி ரூமில் வேலை. இங்கே கடையில் வியர்த்துக்கொண்டிருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

மெஷின் இப்போது அருமையாக ஓடும். ஆனால் இவர் தொடுவதில்லை. தூசி விழாமல் இருக்க ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கடை விட்டு நேராக வீட்டுக்கு வருகிறார். தினமும் அருவிக்குப் போகிறோம். முன்பெல்லாம் பஜ்ஜி ஆறிவிடும் என்று அவசரப்படுத்துவார், இப்போது எந்த அவசரமும் இல்லை. ஆண்கள் பக்கம் போனால், எல்லோரும் குளித்துவிட்டுப் போன பிறகும் தண்ணீருக்கடியில் தலையைக் குனிந்து தனியாக நின்றுகொண்டிருக்கிறார். வெளியே வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். அவ்வளவு நேரம் அருவியில் நின்றால் யாருக்கும் கண் சிவக்கத்தான் செய்யும்.