மூன்றாவது வரி

சப்பாத்தைக் கழற்ற வேண்டாம், தம்பி. வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே கழற்றப் பார்ப்பார்கள். இந்தத் தளம் சப்பாத்துக்காகவே போட்ட பலகை. வெறுங்கால்தான் இதற்குக் கூடாது. வியர்வை பட்டால் ஒட்டும், பிறகு ஆடுகிறவர்களுக்குக் கால் வழுக்கிக்கொண்டு நகராது.

நீங்கள் இருங்கள். நான் நடந்துகொண்டே சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். இரண்டு வருடமாக ஒரு கதிரையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல இருக்க முடியவில்லை. டொக்டர் நரம்பு என்கிறார். மாதா கோயிலில் பூசை நேரத்திலும் பின்னால் தூணோடு நின்று கால் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெயர் சொல்ல முதலே உங்களைத் தெரிந்துவிட்டது. உங்கள் படத்தைப் பாலேஸ்வரி மேல் அறைக் கண்ணாடியின் மூலையில் செருகி வைத்திருந்தாள். நாளைக்குப் பொலிஸ் மேலிடத்தில் போய் அவளைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். அவள் இந்த வீட்டில் வசித்தாள் என்று வீட்டுக்காரி எழுதிய கடிதம் இல்லாமல் எந்த இடத்திலும் உங்கள் முறைப்பாட்டை எடுக்கமாட்டார்கள். அந்தக் கடிதத்துக்குத்தானே ரொறன்ரோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், சிவானந்தன். அதற்கு வருவேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள். நீங்கள் மரியாதையாகக் கேட்டபடியால் சொல்கிறேன்.

கலியாண மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் முதல் நடனம் வைக்க ஆசைப்பட்டது நீங்கள். பழியாகச் சொல்லவில்லை. வால்ட்ஸ் பழகிக்கொண்டு வரச் சொல்லி நீங்கள் எழுதியதால்தான் தொண்ணூற்றெட்டில் அவளுடைய சின்னம்மா நாகேஸ்வரி அவளை வெள்ளவத்தையிலிருந்து இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். விசா வர மூன்று நாலு மாதம் ஆகும், அதற்குள் பழக்கிவிடுங்கள் என்றார். பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வர இரண்டு பஸ், மூன்று சோதனைச் சாவடி. ஒரு நாள் இறக்கி ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். வந்து சேர்ந்தபோது உதடு காய்ந்திருந்தது. மேலே ஒரு அறை சும்மா கிடக்கிறது, அதில் இரு என்று நான்தான் சொன்னேன். வாடகை வேண்டாம் என்றும் சொன்னேன். இந்த வீட்டில் நானும் என் அண்ணன் கிளெமென்றும் மட்டும்தான்.

றேமண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் வேலை செய்கிறவர். பதினேழு வருடம் அவருக்கும் எனக்கும் ஜோடி. நீங்கள் நினைக்கிற ஜோடி இல்லை. பாட்டு இல்லாத நேரத்தில் அவர் என் கையைத் தொட்டதே கிடையாது. நவம்பர் மாதத்தில் கோட்டையில் ஒரு ஹோட்டலில் போட்டி நடக்கும். ஐந்து முறை நாங்கள் இரண்டாவதாக வந்தோம். போட்டி முடிந்தபின் நடுவர்களின் தாளைக் கையில் தருவார்கள். நுட்பம் என்ற இடத்தில் எனக்கு எப்போதும் பத்துக்குப் பத்து. அதற்குக் கீழே இசையுணர்வு என்று ஒன்று இருக்கும். அதில் ஐந்து. நல்ல வருடத்தில் ஆறு.

நுட்பம் என்றால் எனக்குத் தெரியும். முதல் எண்ணுக்குக் குதிக்கால், இரண்டுக்கு நுனிக்காலில் எழும்ப வேண்டும், மூன்றில் உயரத்தில் நின்று அதன் முடிவில் இறங்க வேண்டும். முழங்கால், இடுப்பு, தலை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பழகினால் வரும். மற்றது என்னவென்று பதினேழு வருடம் கேட்டும் ஒருவரும் விளங்கச் சொல்லவில்லை. வயதான பறங்கி நடுவர் ஒருவர் மட்டும் என் தோளில் தட்டி, “நீ ஒருநாளும் பாட்டுக்குப் பிந்துவதில்லை மகள், அதுதான் குறை” என்றார். வீட்டுக்கு வந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிந்தாமல் இருப்பது எப்படிக் குறையாகும்?

பாலேஸின் கால் மோசமான கால். குதிக்கால் வைக்க வேண்டிய இடத்தில் விரல் வைப்பாள். வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்கும். எண்ணச் சொன்னால் இரண்டாம் வரியில் மறந்துவிடுவாள். ஆனால் மூன்றாவது எண்ணில் உயரத்தில் போய் நின்று, இறங்காமல், ஒரு மயிரிழை காத்திருப்பாள். ஏதோ சொல்ல வந்து விழுங்குகிறவளைப் போல. பாட்டு அவளைத் தேடி வரும். பிறகுதான் இறங்குவாள். எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

“எனக்குக் கால் ஒண்டும் தெரியாது அன்ரி. பாட்டு மூச்சு விடுற இடம் மட்டும் கேக்கும்,” என்றாள்.

பெருமையாகச் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஒரு வியாழக்கிழமை, பிடியைக் காட்டுவதற்காக றேமண்டை அவளோடு ஆட விட்டேன். ஒரு பாட்டுத்தான். முடிந்தபோது அவர் கையை எடுக்க மறந்து நின்றார். பிறகு என்னிடம் வந்தார். அவர் முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று இருந்தது.

“ஹில்டா, இந்தப் புள்ளையோட ஆடக்குள்ள நான் எண்ணவே இல்ல.”

பதினேழு வருடமாக என்னை அணைத்துக்கொண்டு அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அண்ணன் யன்னல் பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே, “இனி நீ ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில கதிர போட்டுக்கொண்டு ஓய்வா இருக்கலாம்,” என்றார். பகிடிக்குச் சொன்னார். மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த கிழமை, அந்த வருடப் போட்டிக்கு அவளோடு போகலாமா என்று றேமண்ட் கேட்டார். விசா வர முதல் நவம்பர் வந்துவிடும் என்றார். நல்ல யோசனை என்றேன். உண்மையாகவே நல்ல யோசனை. அவளைக் கேட்டபோது, “உங்கட இடமெல்லோ அன்ரி, எனக்கு வேண்டாம்,” என்றாள். இரண்டு முறை சொன்னாள். நான்தான் வற்புறுத்தினேன். போட்டிக்கான படிவத்தையும் நானே நிரப்பினேன். அவள் பெயரை முழுதாக, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

அதே கிழமை பொலிஸ் படிவமும் வந்தது. நீங்கள் அங்கே இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திராது. தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் எழுதி, நிலையத்தில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். வடக்கிலிருந்து வந்தவர்களின் பெயர் அதில் இல்லாவிட்டால் சுற்றிவளைப்பில் கொண்டுபோய்விடுவார்கள். முதலாவது வரியில் என் பெயர். இரண்டாவது வரியில் கிளெமென்ற். மூன்றாவது வரிக்கு வந்தபோது தேநீர் கொதித்தது, எழும்பிப் போனேன். திரும்பி வந்து, வெறுமையாக விடக்கூடாது என்று கீழே போட்டிருந்தபடி, அந்த வரியில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தேன்.

மறதி என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். உங்கள் முகம் அப்படிப்பட்டது. ஆனால் பத்து நாளுக்கு முதலே அவளிடம், ஒருவர் இரண்டு இடத்தில் பதிவில் இருக்கக்கூடாது, சின்னம்மா வீட்டுப் பதிவை வெட்டிவிட்டு வா என்று அனுப்பியிருந்தேன். அது சட்டம். நான் சட்டத்தைத்தான் சொன்னேன். அவள் வெள்ளவத்தைக்குப் போய் வெட்டிவிட்டு வந்தாள். நான் படிவம் கொடுத்துவிட்டு வந்த அன்று மாடிப்படியில் நின்று கேட்டாள்.

“அன்ரி, என்னைப் பதிஞ்சாச்சோ?”

“ஓம்,” என்றேன்.

“நான் ஒருக்காப் போய்ப் பதிவுத் துண்டை வாங்கிக்கொண்டு வரட்டோ?”

வீட்டுக்காரர் கொடுத்தால் போதும், நீ போனால் வீணாக ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்றேன். அதுவும் பொய்யில்லை. கேட்பார்கள்தான்.

போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு ஞாயிறு காலை எட்டு மணிபோல பொலிஸ்காரர் எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துச் சுற்றிவளைத்தார்கள். அண்ணன் பூசைக்குப் போய்விட்டார். எட்டரைக்கு றேமண்ட் பயிற்சிக்கு வர வேண்டும். பாலேஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நீங்கள் இருக்கிற இடத்தில் நின்று தளத்துக்குப் பவுடர் தூவிக்கொண்டிருந்தாள். அதிகாரி இளம் ஆள், மரியாதையானவர். தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முத்திரை குத்திய தாளை வாங்கிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“மே லமயா கவுத?” என்று என்னிடம் கேட்டார். இந்தப் பிள்ளை யார் என்று.

அவளுக்குச் சிங்களம் தெரியாது. என் முகத்தைப் பார்த்து, “என்ன அன்ரி கேக்கிறார்?” என்றாள்.

என்னோடு இருக்கிற பிள்ளை, எழுத மறந்துபோனேன், என் பிழை என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் ஏசியிருப்பார். நிலையத்துக்கு வா என்றிருப்பார். அவ்வளவுதான். அந்த வசனம் எனக்குச் சிங்களத்தில் ஆயத்தமாக இருந்தது, வாய்க்குள்ளேயே இருந்தது. நான் சொல்லவில்லை. அவசரப்படவில்லை. அந்த ஆள் பேனையைத் திறந்துகொண்டு காத்திருந்தார், அவளும் காத்திருந்தாள், வெளியில் யாரோ கேற்றைத் தட்டினார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது எண்ணின் உயரத்தில் நின்றேன். எண்ணவில்லை, தம்பி. என் வாழ்நாளில் முதல் தடவையாக எண்ணவில்லை. அவருடைய கண் மாறுவதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

டான்ஸ் வகுப்புக்கு வருகிற பிள்ளை, எங்கே இருக்கிறாள் என்று தெரியாது என்றேன்.

மேல் அறையை அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அவள் சத்தம் போடவில்லை. ஆடுகிற சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டாள். “அன்ரி, அந்தத் துண்டு எங்க, காட்டுங்கோவன்,” என்றாள். நான் தேடுகிறவள் போல மேசை லாச்சியைத் திறந்தேன். அதைச் செய்திருக்க வேண்டியதில்லை. அது மட்டும் எனக்குச் சில நாளில் உறுத்தும்.

அவளைக் கொண்டுபோன அன்று பின்னேரம் அவளுடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன். ஒன்றும் கசங்காமல் அடுக்கினேன். உங்கள் படத்தை நடுவில் வைத்தேன்.

போட்டிக்கு றேமண்ட் என்னோடுதான் ஆடினார். வேறு யார் இருந்தார்கள்? முதலாவதாக வந்தோம். இசையுணர்வுக்கு ஒன்பது போட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் அவர் கேட்டார்: “ஹில்டா, அந்தப் புள்ளைய நீ பதிஞ்சதானே?” ஓம் என்றேன். அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. காரணம் சொல்லியிருக்கலாம். பதினேழு வருடத்துக்கு ஒரு காரணம் சொல்லுவது மரியாதை.

நாகேஸ்வரி அவளைத் தேடி ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். அவள் எங்கே வசித்தாள் என்று கேட்டார்கள். இந்த விலாசத்தைச் சொன்னார். அவர்கள் எனக்கு எழுதிக் கேட்டார்கள். செவ்வாய், வியாழன் வகுப்புக்கு வந்து போனவள், இங்கே வசிக்கவில்லை என்று பதில் எழுதிக் கையொப்பம் வைத்தேன். பொலிஸ் படிவத்தில் இருப்பதற்கு மாறாக எழுத முடியாதே. அதனால் வெள்ளவத்தைப் பதிவில் அவள் வெட்டுப்பட்டவள், கொட்டாஞ்சேனைப் பதிவில் இல்லாதவள். கொழும்பிலே இல்லாத ஒருவரை எப்படிக் கொண்டுபோக முடியும் என்று நாகேஸ்வரியைத் திருப்பி அனுப்பினார்களாம். அதைத்தான் நாளைக்கு உங்களுக்கும் சொல்லுவார்கள். முதலில் என் வாயால் கேட்டுக்கொள்வது நல்லது.

அவளோடு எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஒருநாளும் அடித்தேனா, ஏசினேனா? என் சாப்பாட்டைப் பங்கிட்டுக் கொடுத்தேன். நீங்கள் கேட்கிற கடிதத்தை மட்டும் தரமாட்டேன். அதைத் தந்தால் ஏற்கெனவே கொடுத்த இரண்டு தாளும் பொய்யாகிவிடும். அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்தவள் என்ற பெயர் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

மேலே சத்தம் கேட்கிறதா? ஒன்று, இரண்டு, மூன்று என்று. போன மாதம் வவுனியாவிலிருந்து வந்த பிள்ளை. லண்டனுக்குப் போக இருக்கிறாள், அவளுக்கும் முதல் நடனம்தான். நல்ல கால், தோளைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. பாட்டு மட்டும் ஒரு துளியும் கேட்காது, மணிக்கூடு மாதிரி எண்ணிக்கொண்டு போவாள். முதல் நாள் ஒரு சுற்று ஆடவிட்டுப் பார்த்தேன். அன்று பின்னேரமே கூட்டிக்கொண்டு போய்ப் பொலிசில் பதிந்துவிட்டேன்.