பச்சைப் பாதையும் பதினோராவது கட்டமும்

தொடைவலிக்குப் பயந்துதான் பலர் சைக்கிள் பக்கமே வருவதில்லை, ஆய்வாளர் ஐயா. மூன்றாவது வாரம் அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். உங்களுக்கும் லேசாகத் தொப்பை எட்டிப் பார்க்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்கு வருடமாக எங்கள் கல்லூரியில் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லிவருகிறேன். நான் வெறும் நூலகர். ஆரம்பித்தபோது சைக்கிளில் வந்தவர்கள் ஆறு பேர். இன்று நானூற்றுப் பன்னிரண்டு. அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, பாருங்கள்.

என் பேச்சில் முதலில் விழுந்தவர் மைத்துனர்தான். மனைவியின் தம்பி, அதே கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். ஸ்கூட்டரை விற்றுவிட்டுச் சைக்கிள் வாங்கினார். முதல் நாள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நூலகத்துக்குள் வந்து, "மாமா, என்னைக் கொல்லாம விடமாட்டீங்க போல" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு அருமையான மனிதர்.

குறை ஒன்றே ஒன்று. கல்லூரி வாசலிலிருந்து சந்திப்பு வரை சாலை சரிவு. பேருந்துகள் தோளை உரசிக்கொண்டு போகும். சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்டுச் சாலைத் துறைக்கு விண்ணப்பித்தேன். அவர்களுடைய படிவத்தில் பதினோராவது கட்டம் ஒன்று உண்டு: கடந்த ஓராண்டில் அவ்விடத்தில் சைக்கிள் விபத்தில் காயமடைந்தோர், இறந்தோர். நான் பூஜ்யம் போட்டேன், திருப்பி அனுப்பினார்கள். மறு வருடமும் அதே கதை. நேரிலேயே போனேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே சார், அப்புறம் எதுக்குப் பாதை?" என்றார் பொறியாளர்.

"போன மாசம் ஒருத்தர் முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டாரே."

"சிராய்ப்பெல்லாம் கணக்குல வராது. பெருசா ஏதாவது இருந்தா கொண்டாங்க."

நியாயமான மனிதர். தவறு என்மீதுதான். வெள்ளிக்கிழமை காலைதோறும் வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்து அத்தனை பேருடைய பிரேக்கையும் நானே சரிபார்ப்பேன். அப்புறம் எவர் விழுவார்? என் கவனமே என் பாதைக்குக் குறுக்கே நின்றது.

மைத்துனரைத் தேர்ந்தெடுத்தது பாசத்தினால்தான். முன்பின் தெரியாதவரிடம் இவ்வளவு பெரிய உதவியை எதிர்பார்க்க முடியுமா? அந்த வெள்ளிக்கிழமை, "மாமா பாத்தா எனக்கென்ன கவலை" என்று சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். இரண்டு பிரேக்கையும் கழற்றி, பார்வைக்கு மட்டும் இருக்கும்படி மாட்டிவைத்தேன். மதியம் அவர் சரிவில் இறங்குவதை நூலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதுகு நேராக, முழங்கை தளர்வாக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. சந்திப்பில் பேருந்து வந்துகொண்டிருந்தது.

ஐம்பத்தோராம் நாள் பாதை வந்துவிட்டது. பச்சைப் பசேலென்று, ஐயா, வண்ணம் காய்வதற்குள் போய் நின்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மணியடித்துக்கொண்டே ஏழு முறை போய்வந்தேன், மாணவிகள் கைதட்டினார்கள். என் மனைவி மட்டும் வரவில்லை. தம்பியின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை அந்தப் பாதையில் இறங்கிப் பார், மனசு லேசாகிவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் எழுந்துபோய் என் மேசையைக் குடைய ஆரம்பித்தாள்.

அவர் சாகவேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். சத்தியமாக இல்லை. ஒரு கை முறிந்தால் போதும் என்றுதான் எண்ணினேன். ஆமாம், அவள் கொண்டுவந்து கொடுத்த இந்தப் படிவ நகலில் இருப்பது என் கையெழுத்துதான். காயமடைந்தோர், இல்லை. இறந்தோர், ஒருவர். தேதியைத்தானே விரலால் தட்டிக் காட்டுகிறீர்கள்? வியாழக்கிழமை, அதாவது அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள். அதில் என்ன ஐயா இருக்கிறது, எந்த வேலையையும் கடைசி நேரம் வரை தள்ளிப்போடும் பழக்கம் எனக்கில்லை.